பொய்ப் பரிசோதகர்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப பொய் சொன்னே?" என்பதுதான். "நான் பொய்யே சொல்ல மாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களையெல்லாம் மரியாதையாக எழுந்து போய் வாசல்வரை விட்டுவிட்டு வருவார். என் முறை வந்தபோது, "இப்பத்தான். வாசல்ல நிக்கிற தர்வான்ட்ட, உள்ளே எங்க சொந்தக்காரர் இருக்காகன்னு சொன்னேன். இல்லாட்டி மழையில நிக்க வச்சிருப்பாரு" என்றேன். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"சொந்தக்காரர்னா என்ன முறை சொன்னே?"

"மாமா."

"மாமான்னா தாய்மாமனா, பெரிய மாமனான்னு மேல கேப்பான். ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லியிருக்கணும். ஒண்ணுவிட்டவன பத்தி ஒலகத்துல யாரும் மேல கேக்க மாட்டான்."

இப்படித் திருத்திவிட்டு, மறுநாளே ரேடியோ அறையில் வந்து உட்காரச் சொன்னார்.

அது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ரங்கூன் கிளை. ராணுவமும் ஆயுதக் குழுக்களும் மாறி மாறிச் சுட்டுக்கொள்ளும் எல்லைப்புற மலைக்கிராமங்களில் கைப்பம்பு போடுவதும் மருந்து கொடுப்பதும் எங்கள் வேலை. அங்கே போகும் ஆட்கள் போன மாதிரியே திரும்பி வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்தப் பாதையில் போவது, எங்கே தங்குவது, யாரை அனுப்பவே கூடாது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பாதுகாப்பு அதிகாரி என்றதும் என் உம்மா இடுப்பில் துப்பாக்கி செருகிய ஆளைக் கற்பனை செய்துகொண்டார்கள். அவர் இடுப்பில் செருகியிருந்தது வெற்றிலைப் பொட்டலம். கட்டியிருக்கும் லோஞ்சி அவிழ்ந்துவிடுமோ என்ற கவலையில் வேகமாக நடக்கக்கூட மாட்டார்.

அவருக்கு ஒரு தமிழ்ப் பேரும் ஒரு பர்மியப் பேரும் உண்டு. இரண்டையும் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நடுவயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் எல்லாரையும் பர்மியர் 'ஊலே' என்பார்கள். அவர் எங்கள் எல்லாருக்கும் ஊலே. டைரக்டராக இருந்த நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் ஊலேதான்.

ரங்கூனிலேயே, பசுந்தாங் பேட்டையில் பிறந்தவர். வீட்டில் எல்லாருக்கும் ரயில்வே வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு வரைக்கும் இவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காத பர்மா முழுவதும் அவர் முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறது. ஓர் ஆள், செத்துப்போன தாயாரை அடக்கம் பண்ணப் போகிறேன் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை அழுவானாம். "ஒவ்வொரு தடவையும் புதுசா அழுதான், தங்கச்சி. போன மாச அழுகைய இந்த மாசம் அழுததே இல்ல. அவ்ளோ உழைக்கிறவன எப்படி எறக்கி விடுறது?" என்பார். உண்மையை எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், பொய்யில்தான் ஆள் யார் என்று தெரிகிறது என்பது ரயிலில் அவர் படித்த படிப்பு. அந்தப் படிப்பை வைத்துத்தான் எங்களை மேய்த்தார்.

பொய்யை இப்படி ரசிக்கிறவர் தான் மட்டும் சும்மா இருப்பாரா? ரயில்வே வேலை எப்படிப் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். மேலதிகாரியின் மச்சானுக்கு அபராதம் போட்டதால் போனது என்று டிரைவர்களிடம் சொல்லியிருந்தார். நடுக்காட்டில் ரயிலை நிறுத்தி மூங்கில் குருத்து வாங்கியதால் என்று சமையல்காரம்மாவிடம். முதுகுவலி என்று டைரக்டரிடம். அந்த எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் பலருக்கு வேலை போனதும் ஊருக்கே தெரியும். அந்த வருஷத்தைப் பற்றி ரங்கூனில் யாரும் நேராகப் பேசுவதில்லை. அதனால் நாங்கள் அவர் சொன்ன எல்லாக் கதைகளையும் நம்பினோம்.

எங்கள் தொலைபேசியை அரசாங்கத்து ஆள் ஒருவர் ஒட்டுக்கேட்கிறார் என்பது தெரிந்த சங்கதி. மற்றவர்கள் அதற்குப் பயந்து குசுகுசுப்பார்கள். ஊலே ரிசீவரை எடுத்ததும் முதலில் அந்த ஆளை நலம் விசாரித்துவிட்டுத்தான் சொந்தப் பேச்சுக்கு வருவார். ஒருநாள் இணைப்புக்குள் யாரோ இருமினார்கள். "இஞ்சி தட்டிப்போட்டு வெந்நீர் குடிங்க தம்பி, மழை நாள்ல ராத்திரி வேலை ஒத்துக்காது" என்று பர்மிய மொழியில் வைத்தியம் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமலை அடக்கிக்கொண்டிருந்தது நன்றாகவே கேட்டது.

ஆனால் வெளியூர் போகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் வேறு. "சோதனைச் சாவடியில பொய் சொல்லாதீங்கடா. ஒங்க பொய் அவ்ளோ நல்லா இல்ல. அந்தச் சிப்பாய் காலையிலேருந்து மட்டமான பொய்யா கேட்டுச் சலிச்சுப் போயிருக்கான். உண்மையச் சொல்லு, கொழம்பிப்போய் விட்டுருவான்." புதிதாகச் சேர்ந்தவர்களை நிற்க வைத்து, தானே சிப்பாயாக மாறிக் குடைவார். பொய் சொன்னால் மார்க்கைக் குறைப்பார். நன்றாகச் சொன்னால் குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எப்போதும் அவர் கணிப்பு சரியாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாயங்காலம் வெளியூர் நிலையங்கள் ஒவ்வொன்றும் ரேடியோவில் வந்து சுகம் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஆற்றங்கரை நிலையத்துப் பையன், எல்லாம் நலம் என்றான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஊலே என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கோழிக்கறி என்றான். "சண்டையில சந்தையே அடச்சுக் கெடக்கு, கோழி எங்கேருந்து பறந்து வந்துச்சு? பொய் சொல்றான். ஆபத்து" என்று மறுநாள் காலையிலேயே வண்டி அனுப்பி அவனைக் கொண்டுவந்துவிட்டார். ஆபத்து உண்மைதான். ராணுவம் எங்கள் மருந்தகத்து முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தது. ஆனால் கோழியும் உண்மை. சிப்பாய்கள் சமைத்து, பேசும்போதே அவன் வாயில் திணித்திருக்கிறார்கள். குரல் கம்மியது அதனால்தான். கோழி நிஜம் என்று தெரிந்ததில் ஊலேக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைவிட மோசம், தலைமை அலுவலகத்திலிருந்து சோதனை பார்க்க வந்த அதிகாரியின் கதை. விமானத்தில் பெட்டி தொலைந்துபோய், ரப்பர் செருப்போடு, சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். "பொய்யிலயும் ஒரு நேர்த்தி வேணாமா?" என்று ஊலே அவரை மத்தியானம்வரை காவல்கூண்டுப் பெஞ்சில் உட்கார வைத்து, தேநீர் மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கும்போதும் ஊலே, வந்தவரிடம் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொள்ளும்படிதான் சொன்னார்.

இனி உயிர்க்கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆளை யாராவது பிடித்துப் போய்விட்டால், அவன் உயிரோடு இருக்கிறானா, பிடித்தவர்கள்தான் பேசுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவனுக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டு அனுப்ப வேண்டும். இந்த மாதிரி நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். மற்ற இடங்களில் இதைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு வைப்பார்களாம். காகிதம் இருந்தால் சோதனை போட வருகிறவன் படிப்பான் என்று ஊலே எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அதோடு அவருடைய விதி ஒன்றும் உண்டு. பதில், சொன்னால் வெட்கப்படுகிற விஷயமாக இருக்க வேண்டும். "நாயோட பேரு, பள்ளிக்கூடத்துப் பேரெல்லாம் வேணாம். பெருமையா இருக்கிறத நீ ஊரெல்லாம் சொல்லியிருப்பே. வெக்கமா இருக்கிறதத்தான் பத்திரமா வச்சிருப்பே. அதச் சொல்லு." கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒரு மானக்கேட்டை வாங்கிக்கொள்வார். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அலுவலகம் முழுக்கப் பரப்புகிற அந்த ஓட்டை வாய், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் திறந்ததே இல்லை. என்னுடையதையும் வாங்கிவைத்திருந்தார். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் பம்பு மெக்கானிக். எங்கள் இருவர் வீட்டிலும் பேசிக் கல்யாணத்தை முடித்து வைத்ததே ஊலேதான். என்னை வாயில்லாப் பூச்சி என்று அங்கே சொல்லியிருக்கிறார், அவரைக் கை நிறையச் சம்பாதிக்கிறவர் என்று இங்கே சொல்லியிருக்கிறார். ரங்கூன் பபேடான் பேட்டையில், சட்டிபானைக் கடைக்கு மேலே, ஒரே கூடமாக இருந்த மாடி வீட்டில் குடும்பம் நடத்தினோம். அதற்குள்ளேயே எங்கள் பிள்ளைகள், மாமியார், கொழுந்தன், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள். கீழே பகல் முழுக்கச் சட்டி தட்டும் சத்தம்.

இரண்டாயிரத்து எட்டில் அடித்த பெரும்புயலுக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், தென்கிழக்கு மலையில் எங்கள் வண்டியை வழிமறித்து எரித்துவிட்டார்கள். டிரைவர் மட்டும் காட்டுக்குள் குதித்துத் தப்பி நடந்தே வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகவும், பிறகு ஒரு வெடிச்சத்தம் கேட்டதாகவும் சொன்னார். அந்த ஒற்றை வெடிச்சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வீட்டில் இருந்தால் மாமியார் அழுகிறார்கள். ரேடியோ அறையிலேயே கிடந்தேன். ஊலே என்னைப் போகச் சொல்லவில்லை.

எல்லைப்புற ஊர் ஒன்றின் பாதிரியார் மூலமாகப் பேச்சு வந்தது. ஒரு குழு, ஆள் எங்களிடம் இருக்கிறான் என்றது. பம்பு போடுகிற சாக்கில் ராணுவத்துக்குப் பாதை பார்க்க வந்தவன் என்று அவர்களுக்குச் சந்தேகம். பம்பு இருக்கும் இடங்களின் வரைபடத்தைக் காட்டினால் நம்பி விட்டுவிடுவார்களாம். ஆனால் அந்த வரைபடத்தில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. ஆள் தன்னிடம் இருப்பதாகப் பொய் சொல்கிற எவன் கையிலாவது அது போனால் அந்தக் கிராமங்களின் கதி? உயிர்க்கேள்விக்குச் சரியான பதில் வந்தால் வரைபடம் போகும், இல்லையென்றால் பேச்சை நிறுத்த வேண்டும் என்றார் டைரக்டர். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சொன்னதில் நியாயம் இருந்ததால் என்னால் அவரை வையவும் முடியவில்லை.

ஊலே தொலைபேசியில் பாதிரியாரிடம் கேள்வியைச் சொன்னார். "வெளியூர் வேலை முடிஞ்சு ரங்கூன் திரும்புனதும் மொதல்ல எங்கே போவே? இதக் கேளுங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது ஒரு கேள்வியா? வீட்டுக்குத்தானே வருவார்! பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சுலபமான கேள்வியாகக் கேட்டாரே என்று அவரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

கேள்வி மலையேறிப் போய்ப் பதில் இறங்கி வரச் சில நாள் ஆனது. ஒரு காலையில் பாதிரியார் கூப்பிட்டார். அறையில் நாங்கள் மூன்று பேர். ஊலே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொன்னார். "நேரா வீட்டுக்கு. என் பெண்டாட்டிகிட்ட."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியேவிட்டேன். டைரக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சரியான பதில்தானே?" என்று ஊலேயைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தப்பு" என்றார்.

"என்ன ஊலே சொல்றிய? வீட்டுக்குத்தானே வருவாக?" என்று நான் கேட்பது எனக்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. டைரக்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். யாரும் குருட்டாம்போக்கில் சொல்லக்கூடிய பதில்தானே அது. ஊலே வெற்றிலையைத் துப்பிவிட்டு, ரிசீவரில் பாதிரியாரை மறுபடி மரியாதையாகக் கூப்பிட்டார்.

"ஸயா, அவன் சொன்னது அவ்ளோதானா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க. ஒளறினதா இருந்தாலும் சரி."

பாதிரியார் தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். ஊலே அதையும் திருப்பிச் சொன்னார். "'பாலத்துல பஸ் லேட்டாயிரும், அதனால சுணங்கும்.' காச்சல்ல பெனாத்துறான்னு நெனச்சு விட்டுட்டாங்களாம்."

"அது அவுகதான்!" என்று அவர் கையையே பிடித்து உலுக்கினேன். "யா அல்லா, அது அவுகதான் ஊலே! வெளியூர் போய்ட்டு வர்றப்பல்லாம் லேட்டாத்தான் வருவாக. வந்ததும் இதத்தான் சொல்லுவாக. பாலத்துல பஸ் லேட்டுன்னு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒரு தடவ விடாம."

ஊலே சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் கவிழ்ந்து, இருமி, லோஞ்சியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டைரக்டர் பயந்துபோய்விட்டார். "உயிரோட இருக்கான். வரைபடத்த அனுப்புங்க" என்றார் ஊலே.

"தப்பான பதில் என்றீர்களே?" என்றார் டைரக்டர்.

"தப்புதான். ஆனா அது அவனோட தப்பு. வேற எவனாலயும் அப்படிச் சொல்ல முடியாது. என்கிட்ட உண்மையக் கொடுத்து வச்சிருக்கான், இவகிட்ட பொய்யக் கொடுத்து வச்சிருக்கான். இவ இந்த ரூம்லதான் உக்காந்திருப்பான்னு அவனுக்குத் தெரியும். உயிர் போனாலும் போவுது, இவ காதுல உண்மை விழக்கூடாதுன்னு பாத்திருக்கான், படுபாவி."

டைரக்டருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் வரைபடத்தை எடுக்க ஓடினார். எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது.

"அப்ப பாலத்துல பஸ் லேட்டாகலையா, ஊலே?"

"அந்தப் பாலம் கட்டின நாள்லேருந்து அதுல ஒரு பஸ்ஸும் லேட்டானதில்ல, தங்கச்சி."

"அப்ப எங்கேதான் போவாக?"

"அது என் தொழில். மொதல்ல உயிரோட வரட்டும். அப்பறம் நீயே கொல்லு."

பம்பு பம்புதான் என்று அவர்கள் நம்ப இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் ஊலே தானே வண்டியில் போனார். ரயில் வேலை போனபிறகு ரங்கூனைத் தாண்டவே பயப்படுகிறவர் அவர். எல்லைவரை போய் அழைத்து வந்தார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. மாமியாரின் தங்கைகள், தெருக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள் என்று எல்லாரும் கட்டிப்பிடித்து அழத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். விருந்து சமைக்கும் பண்டாரி வீட்டிலிருந்து பிரியாணி தேக்சாப் பானையோடு வந்து இறங்கியிருந்தது. அலுவலக வண்டி கீழே வந்து நின்றது. படியேறி வந்தவர் ஊலே மட்டும்தான். கையில் என் வீட்டுக்காரரின் பை.

"ஆள் எங்கே?" என்று பத்துக் குரல்.

"நல்லா இருக்கான். வந்துருவான்" என்று சொல்லி, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பாயில் உட்கார்ந்துகொண்டார். மாமியாரிடம், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட நிற்கிறான் என்றார். கொழுந்தனிடம், போலீஸில் ஒரு விசாரணை என்றார். பள்ளிவாசல்காரரிடம், முதலில் தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொன்னதாகச் சொன்னார். மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு மட்டமாக அவர் பொய் சொல்லி அன்றுதான் பார்த்தேன். மனுஷன் எல்லையிலிருந்து வழியெல்லாம் பயந்தபடியே வந்திருக்கிறார்.

ஒரு சினிமா ஓடி முடிகிற நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். மெலிந்து கறுத்திருந்தார். தலைமுடி ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நின்றது. கழுத்தில் சிவப்பாகத் தடிப்புத் தடிப்பாக மூட்டைப்பூச்சிக் கடி. பக்கத்துத் தெருச் சினிமாக் கொட்டகையின் மூட்டைப்பூச்சியை அடையாளம் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. இத்தனை வருஷமும் வெளியூரிலிருந்து வந்ததும் அங்கேதான் போயிருக்கிறார். டிக்கெட் எடுத்து, படம் பார்க்காமல், இருட்டில் ஓர் ஆட்டம் தூங்கியிருக்கிறார். இந்தக் கூடத்தில் அவருக்கு அந்தத் தூக்கம் எங்கே கிடைக்கும்? அன்றைக்கு, இத்தனை பேர் அழக் காத்திருக்கும் வீட்டுக்குள் நுழைய அவருக்கு அது வேண்டியிருந்திருக்கிறது. ஊலே அவரைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, எங்களைச் சமாளிக்கத் தான் முன்னால் வந்திருக்கிறார்.

மாமியார் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலாக அவர் என்னைத் தேடினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"தெரியும். வந்து சாப்பிடுங்க" என்றேன்.

அவர் ஊலேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நான் நின்று பரிமாறினேன். கரண்டியைப் பிடித்த கையோடு எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பயந்துபோய் ஏன் அழுகிறீர்கள் உம்மா என்று கேட்டார்கள்.

"அழுவலப்பா. அடுப்புப் பொகை" என்றேன்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. ஊலே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.